துண்டுக்கு அடியில் இருந்த கை

போனில் பிசியோதெரபி செய்யலாம் என்று முதலில் சொன்ன ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைக் கட்டிவிட்டு, அடுத்த தெருவிலிருந்து "எழுந்திருங்க சார், எழுந்திருங்க" என்று வீடியோவில் சொல்லிப் பார்ப்பேன். என் தொழில் தொட்டுச் செய்கிற தொழில். ஒரு தசை இறுகியிருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு செல்போனைக் கொடுத்தார்கள்.

முதல் ஊரடங்கு அது. ரயில் நின்றுவிட்டது. விடிகாலையில் ஊரிகம் ஸ்டேஷனில் வண்டி ஏறி, பெங்களூரில் ஒரு தனியார் கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர் முதுகையும் முழங்காலையும் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவதுதான் என் பிழைப்பு. வண்டி நின்றதும் கிளினிக் முதலாளி கூப்பிட்டார். இனிமேல் எல்லாம் வீடியோவில்தான், யார் வீட்டுக்கும் போகக் கூடாது, போனால் வேலை போய்விடும் என்றார். அவர் மிரட்டாவிட்டாலும் நான் எங்கும் போயிருக்க மாட்டேன். வீட்டில் அப்பா இருந்தார். தங்கச் சுரங்கத்துக் கல்தூசி அவருடைய நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதிக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்ற பயத்தில் பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கிளினிக் எனக்கு ஒதுக்கிய நோயாளிகளில் ஒருவர் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நடுவில் ஒரு போலீஸ் தடுப்புக் கட்டை, பின்னால் அப்பாவின் இருமல், இவ்வளவுதான் தூரம். ஆம்புலன்ஸ் போனால் முதலில் என் ஜன்னலுக்கு வெளியே கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஊளை போனுக்குள்ளிருந்து வரும். அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது கழுத்து சில்லிட்டது. பிறகு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை.

அவர் எழுபதைத் தாண்டியவர். சுரங்கத்தை மூடும் வரைக்கும் கீழே வேலை செய்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கொரோனாவுக்குக் கட்டில் வேண்டும் என்று, நேராக உட்காரக்கூட முடியாத ஆளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரே மகன் பெங்களூரில். அவன்தான் எங்கள் கிளினிக்கில் பேசி வீடியோவுக்கு ஏற்பாடு செய்தவன். முதல் நாளே என்னிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"மேடம், எனக்கு பாஸ் கெடைச்சதும் வந்துருவேன். அதுக்குள்ள அவர் எழுந்து டாய்லெட்டுக்காவது போகணும். இல்லன்னா இங்க ஒரு ஹோம்ல சேத்துருவேன். எங்கம்மாவால தூக்க முடியாது. அவங்க முதுகு போயிரும்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் முதியோர் ஹோமுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் திரும்பவில்லை. அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது.

முதல் அழைப்பில் எனக்குத் தெரிந்தது கூரை மட்டும்தான். தகரக் கூரை, ஒரு டியூப்லைட், அதில் தொங்கிய ஒட்டடை.

"இன்னாம்மா, தெரியிறாரா?" என்றார் அந்த அம்மா.

"கூரைதான் தெரியுது. போனைக் கீழ எறக்குங்க."

இறக்கினார். ஒரு காது தெரிந்தது.

"ரெண்டு தபா கேக்குதும்மா நீங்க பேசறது. ஒரு தபா பேசறீங்க. அப்பறமா தூரத்துலேந்து இன்னொரு தபா பேசறீங்க."

இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் போட்டுப் பேசியதால் வந்த கோளாறு. அவருடையது பழைய போன். என் குரல் அங்கே போய், திரும்பி என்னிடம் வந்து, மறுபடியும் அங்கே போகும். என்ன செய்தும் சரியாகவில்லை. கடைசியில் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைக்கச் சொன்னேன். அப்போதுதான் பெரியவர் முழுசாகத் தெரிந்தார்.

அவர் வலது பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை அப்படியே திரும்பி நின்றது. கூப்பிட்டால் பதில் சொன்னார், ஆனால் சுவரிடம் சொன்னார். இடது கையைத் தூக்குங்கள் என்றேன். வலது கையைத் தூக்கினார்.

"அது இல்லீங்க ஐயா. இன்னொரு கை."

"இன்னொரு கை எங்க கீது?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

இது என் பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார்கள். பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். கையைப் பிடித்துத் தேய்த்து, தட்டி, "இதோ பாருங்க, இது உங்களுது" என்று கண்ணுக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். இங்கே என்னத்தை ஆட்டுவது?

அவருடைய இடது கை எனக்குத் தெரியவில்லை. உடம்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விரித்திருந்தது. குளிருக்குப் போர்த்தியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த அழைப்பிலும் துண்டு அதே இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டம்ளரில் டீ. அவர் குடிக்கிற டீ வலது பக்கம் தனியாக இருந்தது.

"யாருக்கும்மா அந்த டீ?"

அந்த அம்மா டம்ளரைத் துண்டுக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார்.

"அந்தத் துண்டை எடுங்க. நான் கையைப் பாக்கணும்."

"வேணாம்மா."

"இன்னாம்மா வேணாம்? கையைப் பாக்காம நான் என்ன ஜோசியமா சொல்றது? எடுங்க."

எடுத்தார். கை பன் மாதிரி உப்பியிருந்தது. விரல்கள் மினுமினுவென்று வீங்கி, தோள் கீழே தொங்கிப்போய், யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தது. இத்தனை நாளாக யாரும் அந்தக் கையைத் திருப்பவில்லை, தூக்கி வைக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். கத்தல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அவர்களுக்குக் கேட்டது.

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "மூடும்மே. அவன் மூஞ்சிய மூடு."

"யார் மூஞ்சி ஐயா?"

"என் செட்டு."

"அது உங்க கை ஐயா."

"என் கை இங்க கீது." வலது கையைக் காட்டினார். "அது அவனுது. கூடப் படுத்துக்கினு கீறான். இன்னும் மேல வரல."

மத்தியான நேரம். வெளியே நல்ல வெயில். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த வெள்ளைத் தூசு ஜன்னலில் சரசரவென்று விழுந்தது. பின்னால் அப்பாவின் இருமல் நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கூட வேலை செஞ்சவரும்மா. ஒரே செட்டு. ஒரு நாளு பர்ஸ்ட் ஆயிடுச்சு. கல்லு வெடிச்சு அவரு மேல வுழுந்துடுச்சு. இவருக்கு எடது பக்கந்தான் நின்னுக்கினு இருந்தாரு. இவரு துண்ட எடுத்து மூஞ்சிய மூடிட்டு கூடவே ஒக்காந்துட்டாரு. ஆனா இவர வுடல. இன்னொரு பர்ஸ்ட் வரும்னு சொல்லி, இஸ்துக்கினு போயி கேஜ்ல தள்ளிட்டாங்க. அவர அடுத்த ஷிப்ட்டுல தான் தூக்கனாங்க."

இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்க வீட்டில் பிறந்தவள் நான். கீழே ஒருவன் செத்து விழுந்தால் அவனுடைய செட்டு, அதாவது ஜோடியாக வேலை செய்கிறவன், தன் துண்டால் அவன் முகத்தை மூட வேண்டும். கூடவே உட்கார வேண்டும். ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிப்டில், இரண்டு பேரும் மேலே வர வேண்டும். காலையில் இறங்கும்போது வாங்கிய வருகை டோக்கன்கள் இரண்டையும் ஆபீஸ் ஜன்னலில் அவன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் தனியாக மேலே வந்தவனோடு ஜனங்கள் கொஞ்ச நாளைக்குச் சரியாகப் பேச மாட்டார்கள். அவன் தவறு இல்லை என்று தெரிந்தாலும் பேச மாட்டார்கள். இப்படித்தான் இருந்தார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

"அதுக்கு டீ வெக்கணுமா?" என்று கேட்டேன்.

"வெக்கலன்னா இவரும் குடிக்க மாட்டேங்கிறாரும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. மனைவி இடுப்பைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் அவர் உடம்பை மரமாக்கிக்கொண்டார். வலது கால் நல்ல கால். அதை வைத்தே நிற்கலாம். நிற்க மறுத்தார். எழுந்தால் செட்டை இன்னொரு தடவை கீழே விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆகிவிடும். அந்த மூளைக்குள் அப்படித்தான் ஓடியது.

நான் புத்தகத்தில் இருக்கிறபடியே போனேன். அது உங்கள் கை, உங்கள் கை என்று தினமும் சொன்னேன். கண்ணாடியைக் காட்டச் சொன்னேன். கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "அதான் சொல்றேனே, கூட கீறான்" என்றார். ஈரத்துணியால் கையைத் தேய்க்கச் சொன்னேன். "பொணத்த இன்னாத்துக்கு குளிப்பாட்டற?" என்று மனைவியைத் திட்டினார். ஒரு நாள் போனைப் பார்த்துத் துப்பினார். திரை முழுக்க எச்சில். படம் அப்படியே உறைந்து நின்றது. எச்சிலுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கும் பாதி முகம், துண்டு மூடிய ஒரு மேடு. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பெங்களூரில் ஒரு சீனியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொறுமையாக இரு, நிஜத்தை விட்டுக்கொடுக்காதே என்றார். அவர் ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னார். அந்த அம்மாவோ கக்கூஸுக்குப் பதில் தட்டு வைத்து, துடைத்து, புரட்டி, ராத்திரியில் நிமிர முடியாமல் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். என்னிடம் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை டின்மேல் வைக்கக் குனியும்போது அவர் முகம் ஒரு நொடி திரை முழுக்க வரும். அந்த முகம் சொல்லியது.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தரை ஒரு தடவை குலுங்கியது. எங்கள் ஊரில் இது இன்றைக்கும் உண்டு. மூடிவிட்ட சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறி நிற்கிறது. ஆழத்தில் எங்கோ பாறை உடையும், மேலே பாத்திரம் உருளும். என் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அடங்கிய பிறகு, போனுக்குள்ளிருந்து அதே குலுக்கல் இன்னொரு தடவை வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அரிசி டின் நடுங்கி, படம் ஆடியது.

"நவுராதீங்க!" என்று அவர் கத்தினார். அது கிழவர் குரல் இல்லை. முப்பது வயது ஆளின் குரல்.

கத்திவிட்டு அவர் திரும்பினார். இடது பக்கம் திரும்பினார். நான் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டாத கண்கள் தாண்டின. வலது கை குறுக்கே போய், துண்டோடு சேர்த்து அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

நான் திரைக்குக் கிட்டே குனிந்தேன். பயம் பாதி. மீதிப் பாதி என்னவென்றால், இந்த அசைவுக்காகத்தான் நான் இத்தனை நாளும் தொண்டை கிழியக் கத்தினேன். நல்ல கையால் விழுந்த கையைப் பிடிப்பது, கண்ணால் அதைப் பார்ப்பது. முதல் பாடமே அதுதான். அவர் அதைத் தனக்காகச் செய்யவில்லை, செத்துப்போன ஒருவனுக்காகச் செய்தார். யாருக்காகச் செய்தால் எனக்கென்ன?

யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். மூன்று தட்டு.

எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். கீழே லெவலில், அதாவது சுரங்கத்தின் ஒரு தளத்தில், இருப்பவன் மூன்று மணி அடித்தால், கேஜில் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். மேலே கேஜை இழுக்கும் எஞ்சின் வீட்டில் இருப்பவன் அதே மூன்றைத் திருப்பி அடிப்பான். திருப்பி வந்தால்தான் கேஜ் நகரும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கட்டில்மேல் ஏறி நின்று இதைத்தான் விளையாடுவோம்.

"ஐயா, கேஜ் வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஏறுங்க."

அவர் அசையவில்லை. காதைச் சாய்த்தார். எதற்கோ காத்திருந்தார். நான் தட்டிய மூன்று தட்டும் அங்கே போய், என்னிடம் திரும்பி, மறுபடியும் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தப் பாழாய்ப்போன கோளாறு. தூரத்திலிருந்து, ஆழத்திலிருந்து வருகிற மாதிரி, மெலிசாக மூன்று.

"பதில் வந்துடுச்சு," என்றார். பிறகு துண்டுக்கு அடியில் கையை விட்டு விரல்களைக் கோத்துக்கொண்டார். "எழுந்துர்றா. போலாம்."

நான் அந்த அம்மாவிடம் படபடவென்று சொன்னேன். பழைய புடவையை மடித்து அவர் இடுப்பில் கட்டச் சொன்னேன். அவருடைய இடது முழங்காலைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கச் சொன்னேன். அவரிடம், "தலையைக் குனிங்க ஐயா, கேஜ் கதவு தாழ்வா இருக்குது" என்றேன். குனிந்தார். முன்னால் குனிந்தால்தான் பின்பக்கம் தூக்கும். இது என் பாடம். கேஜுக்கும் அதே பாடம்.

எழுந்தார். எழுந்ததும் அவர் தலை படத்திலிருந்து மேலே போய்விட்டது. எனக்கு முகம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒரு வேட்டி, புடவைக் கட்டு, அதற்கு முன்னால் கோத்த இரண்டு கைகள். ஒன்று கறுத்து நரம்பு புடைத்திருந்தது. இன்னொன்று வீங்கி வெளுத்திருந்தது. ஒரே ஆளின் கைகள் என்று எனக்கே நம்ப முடியவில்லை. விழுந்தால் என்னால் பார்க்க மட்டும்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். விழவில்லை.

என் பின்னால் அப்பா சொன்னார். "இன்னாடி பண்ற? வெளையாட்டா அது?"

"நின்னுட்டாருப்பா."

"தட்னியே, அதுக்கு அர்த்தம் தெரியுதா ஒனக்கு? எந்த ஆளத் தூக்கறேன்னு, உசுரா பொணமான்னு, தெரிஞ்சி தட்டு." மூச்சு வாங்கியது அவருக்கு. அதற்குமேல் பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். நான் மூன்று தட்டுவேன். மூன்று திரும்பி வரும். அவர் செட்டின் கையைப் பிடித்துக்கொண்டு எழுவார். போனை அந்த அம்மா பின்வாசல் நிலைக்கு மாற்றி வைத்தார். கட்டிலிலிருந்து பின்வாசல், அங்கிருந்து கக்கூஸ். போகும்போதெல்லாம் கையோடு பேசுவார். "குனிஞ்சிக்கோ. தண்ணி கீது, பாத்து வா." அந்தக் கைக்கு வீக்கம் குறைந்தது. துண்டு இப்போது மூடுவதற்கு இல்லை, கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளியாகக் கட்டச் சொல்லிவிட்டேன். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற ஸ்ட்ரெச்சர் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

சீனியரிடம் சொன்னபோது, நோயைத் தீனி போட்டு வளர்க்கிறாய் என்றார். போனை வைத்துவிட்டேன்.

மகனுக்கு பாஸ் கிடைத்தது. காரோடு வந்துவிட்டான். பெட்டி கட்டச் சொல்லி அம்மாவை அவசரப்படுத்தியிருக்கிறான். அந்த அம்மா, "ஒரு தபா பாத்துட்டு அப்பறம் பேசுடா" என்று என்னைக் கூப்பிட வைத்தார். அவன் தன் போனிலிருந்து கூப்பிட்டான். புதுப் போன். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. முதல் தடவையாக அவர் முகத்தின் சுருக்கமெல்லாம் எனக்குத் தெரிந்தது.

"காட்டுங்க மேடம்," என்றான். நம்பிக்கை இல்லாத குரல்.

நான் மூன்று தட்டினேன்.

அவர் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் போனது. அவர் எழவில்லை.

மறுபடியும் தட்டினேன். அவர் முகம் மெல்ல வாடியது. "மேலேந்து பதில் வரல," என்றார் தனக்குள். பிறகு கையிடம் சொன்னார். "எஞ்சின் நின்னுடுச்சி போல. ஒக்காருடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நல்ல போனில் எதிரொலி இல்லை. ஒரு தடவை சொன்னால் ஒரு தடவைதான் கேட்கும்.

"பாத்தீங்களா," என்றான் மகன். "அம்மா, பெட்டிய எடு."

"இருங்க, இருங்க, உங்க அம்மா போன்ல கூப்பிடுங்க..."

"போதும் மேடம். நீங்க உங்களால முடிஞ்சத பண்ணீங்க."

திரையில் அவன் கை தன் அப்பாவின் அக்குளுக்குள் போனது. அவர் உடம்பு பழையபடி மரமானது. தலை சுவர்ப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

எனக்குப் பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தில், கைத்தடியால். ஒன்று. இரண்டு. மூன்று. நான் தட்டியதுபோல அவசரமாக இல்லை. கனமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விட்டு.

திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. போனையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்குள் பெரியவர் நிமிர்ந்தார். "வுடுடா கைய," என்று மகனைத் தள்ளினார். "எஞ்சின்காரன் அடிச்சிட்டான். வழி வுடு."

குனிந்து, எழுந்து, செட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மகன் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். படம் ஆடியது. பின்வாசல். கக்கூஸ் கதவு. கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மகன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. உள்ளே அவர் யாரிடமோ பேசுவதும் கேட்டது.

"யார்கிட்ட மேடம் பேசறாரு?"

"அது உனக்கு எதுக்குப்பா? போறாரா இல்லையா?"

அவன் சிரிக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும், "போறாரு," என்றான். அன்று சாயங்காலம் கார் காலியாகத் திரும்பியது.

ஊரடங்கு தளர்ந்து, தடுப்புக் கட்டையை எடுத்த பிறகு நான் கோரமண்டலுக்கு நடந்தே போனேன். முகக்கவசம் இரண்டு போட்டுக்கொண்டு போனேன். அந்த லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர் வீட்டுத் தரையில் சயனைட் தூசு மாவுபோலப் படிந்திருந்தது. அதில் பின்வாசல் வரைக்கும் தடம். ஒரு பாதம் பதிந்த அடையாளம். அதன் பக்கத்திலேயே எதையோ இழுத்துக்கொண்டு போன கோடு. பலவீனமான கால் அப்படித்தான் இழுக்கும். தெரிந்துதான் பார்த்தேன். தெரிந்தும் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்தேன்.

"இன்னாம்மா இவ்ளோ குட்டையா கீற? போன்ல பெரிய ஆளா தெரிஞ்சியே," என்றார் அந்த அம்மா. என்னை ஒருமையில் அழைத்த முதல் தடவை. நிமிர்ந்து நின்று சொன்னார். எனக்கு அது போதும்.

டீ கொண்டுவந்தார். எனக்கு வைத்த டம்ளரை எடுக்கப் போனேன். "அது அவனுது," என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடி. அந்த அம்மா இன்னொன்று கொண்டுவந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து தூளியிலிருந்து அந்தக் கையை எடுத்தேன். இத்தனை நாள் திரையில் மட்டும் பார்த்த கை. சூடாக இருந்தது. ஏன் சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். விரல்கள் மடங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டன. இறுக்கமாக. அவர் மனைவியிடம் ரேஷன் அரிசியில் புழு இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை என்னைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

இப்படிப் பிடிப்பது மூளை அடிபட்டவர்களுக்கு வரும். விடுவிக்க வழி இருக்கிறது. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல் தானாக அவிழும். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்யவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

"ஐயா, நான் கெளம்பணும்."

அவர் பேச்சை நிறுத்தினார். தலை மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. கோத்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தார்.

"வுட்றா. அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவணும்."

விரல்கள் அவிழ்ந்தன. இறுக்கம் தானாகவே தளர்ந்திருக்கும். எப்போதும் கொஞ்ச நேரத்தில் தளரத்தான் செய்யும்.

ஊரிகம் வந்து, வாசலிலேயே சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"நடக்கறானா?"

"நடக்கறாருப்பா. நான் கண்ணால பாத்தேன்."

"ரெண்டு பேருமா?"

அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். கிண்டல் இல்லை. கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ரெண்டு பேரும்தான்," என்றேன்.

"சரி," என்றார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.